உஷார்! லேப்பில் கை வைக்கிறார்கள்

வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்களா? நாளைக்குக் காலம் (தூண்) கான்கிரீட்டா? அப்படியானால் இன்று இருட்டுவதற்குள் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போய்விடுங்கள். நாளை மதியம் போனால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. எல்லாம் கான்கிரீட்டுக்குள் போயிருக்கும்.

சிமென்ட் என்ன பிராண்டு, எம்சாண்டில் தூசி எவ்வளவு, கம்பியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். ஒரு கம்பி முடிந்து அடுத்த கம்பி தொடங்கும் இடத்தை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆலையிலிருந்து கம்பி பெரும்பாலும் 12 மீட்டர் நீளத்தில்தான் வருகிறது. ஃபுட்டிங்கில் கிளம்பிய காலம் கம்பி மொட்டைமாடி வரைக்கும் ஒரே கம்பியாக ஏறாது. மாடிக்கு மாடி ஒரு கம்பியின் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தி, கொஞ்ச தூரம் இரண்டையும் சேர்த்து ஓட்டி, கட்டுக்கம்பியால் கட்டுகிறார்கள். சைட்டில் இதற்குப் பெயர் லேப். இந்த லேப்பில்தான் நீளத்தைத் திருடுகிறார்கள், இடத்தை மாற்றுகிறார்கள், கம்பிகளைச் சுற்றி வரும் ரிங்கை விடுகிறார்கள். பாதிப் பேருக்குத் தாங்கள் செய்வது தப்பு என்றே தெரியாது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடுவோம். கட்டுக்கம்பி லேப்பைத் தாங்குவதில்லை. கான்கிரீட் போடும்வரை கம்பி நகராமல் நிற்க வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கட்டு. 16 எம்எம் கம்பி ஒன்று தன் முழு பலத்துக்கு இழுபட்டால் அதில் ஓடும் விசை சுமார் 10 டன். அந்தப் பத்து டன்னும் கீழ்க் கம்பியிலிருந்து சுற்றியுள்ள கான்கிரீட்டுக்குள் இறங்கி, கான்கிரீட்டிலிருந்து மேல் கம்பிக்குள் ஏற வேண்டும். கம்பியின் மேல் வரிவரியாக ஓடும் முண்டுகள் கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்வதால்தான் இது நடக்கிறது. நீளம் போதாவிட்டால் பிடிப்பும் போதாது. கம்பி அறுந்து போகாது, உருவிக்கொண்டு வரும். உருவும்போது முண்டுகள் கான்கிரீட்டை வெளிப்பக்கம் நெம்பித் தள்ளும். கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் தோலான கவர் நெடுக்குவாட்டில் பிளந்து சிதறும். அந்தப் பிளவைத் தடுத்து நிறுத்துவது ரிங் மட்டும்தான். லேப் ஓடுகிற உயரம் முழுக்க ரிங் நெருக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

எவ்வளவு நீளம் வேண்டும்? சைட்டில் கேட்டுப் பாருங்கள். "ரெண்டடி விட்டிருக்கோம் சார்" என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் "நாப்பது டி" என்பார். டி என்றால் கம்பியின் விட்டம். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 தரும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எம்20 தரக் கான்கிரீட்டில் எஃப்இ 415 தரக் கம்பியாக இருந்தால் இழுவிசைக்கு விட்டத்தைப் போல் 47 மடங்கு வேண்டும். இன்று சந்தையில் ஓடுவதோ எஃப்இ 500. அதற்கு 57 மடங்கு. எஃப்இ 550 என்றால் 62 மடங்கைத் தாண்டும். அதாவது 500 கிரேடில் 12 எம்எம் கம்பிக்கு இரண்டே கால் அடி, 16 எம்எம்முக்கு மூன்றடி, 20 எம்எம்முக்கு மூன்றே முக்கால் அடி. எம்25 போட்டால் 49 மடங்காகக் குறையும். ஆனால் எம்25 என்று டிராயிங்கில் எழுதியிருப்பது வேறு, மிக்ஸர் மெஷினில் பாண்டு கணக்கில் கொட்டிக் கலப்பது வேறு.

என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். கம்பி 415-லிருந்து 500-க்கும், அங்கிருந்து 550-க்கும் போய்விட்டது. வாய்க்கணக்கு மட்டும் அதே நாற்பதில் நிற்கிறது. "550 போட்டிருக்கோம், செம ஸ்ட்ராங்கு" என்று பெருமையாகச் சொல்லும் சைட்டில்தான் லேப் ஆகக் குறைவாக இருக்கும். கம்பியின் பலம் கூடக்கூட, அந்தப் பலத்தைக் கைமாற்ற நீளமும் கூட வேண்டும். கூட்டாமல் விட்டால் அதிகக் காசு கொடுத்து வாங்கிய பலத்தில் ஒரு பங்கு லேப்பில் வீணாகிறது.

இதில் ஒப்பந்ததாரருக்கு என்ன மிச்சம்? டி ஸ்கொயர் பை 162 என்ற கணக்கு கம்பி கட்டும் எல்லோருக்கும் தெரியும். 16 எம்எம் கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. லேப்பில் ஓர் அடியைக் குறைத்தால் மிச்சமாவது அரைக் கிலோ இரும்பு. ஒரு காலத்துக்கு ஆறு கம்பி என்று வைத்தால் மூன்று கிலோ. இந்த மூன்று கிலோவுக்காகத்தான் ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் உள்ள கூரையை வைத்து விளையாடுகிறார்கள்.

நீளத்தை விடவும் மோசமான தப்பு லேப்பின் இடத்தில் நடக்கிறது. எந்த ஊர் சைட்டுக்கு வேண்டுமானாலும் போய், ரூஃப் போட்டு முடித்த தளத்தில் நின்று பாருங்கள். அடுத்த மாடிக்கான காலம் கம்பிகள் எல்லாம் தளத்துக்கு மேல் ஒரே உயரத்தில் வெட்டிவிட்டது போல நிற்கும். மேல் கம்பிகளைக் கொண்டுவந்து தளத்தின் மேலேயே ஊன்றி, எல்லாவற்றையும் அங்கேயே லேப் செய்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆறு கம்பி பன்னிரண்டாகியிருக்கும். 9 அங்குலக் காலத்தின் மூலையில் இரண்டு கம்பி ஒட்டி நிற்க, வெளிக்கம்பி சென்ட்ரிங் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும். கவர் பிளாக் நசுங்கி எங்கோ விழுந்து கிடக்கும். இரண்டு இடத்தில் கட்டு, எட்டு அங்குலத்துக்கு ஒரு ரிங். ஜல்லி உள்ளே இறங்க வழியில்லை. பலகையைக் கழற்றினால் அடியில் தேன்கூடாகத் தெரியும். அதைச் சாந்து பூசி மூடிவிடுவார்கள். லேப் நடக்கும் இடத்தில் கம்பி இரட்டிப்பாகும் என்பதால்தான், காலத்தில் கம்பியின் அளவு பொதுவாக 4 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. சின்ன காலத்தில் கனத்த கம்பிகளைத் திணிக்கும் டிசைனைப் பார்த்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

பூகம்பமோ புயல்காற்றோ பக்கவாட்டில் தள்ளும்போது காலத்தில் அதிகமாக வளைவது தலையும் காலும்தான். அந்தக் கால்மாட்டில் போய் எல்லா லேப்பையும் வைக்கிறோம். பூகம்பம் தாங்கும் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 13920 இதைத் தடுக்கிறது. காலத்தின் உயரத்தில் நடுப்பாதியில் மட்டும்தான் லேப் செய்யலாம், ஒரே மட்டத்தில் பாதிக் கம்பிகளுக்கு மேல் கூடாது, லேப் நீளம் முழுக்க ரிங் 100 மி.மீ. இடைவெளியைத் தாண்டக் கூடாது. பத்தடி உயர மாடியில் கம்பி தளத்திலிருந்து இரண்டரை, மூன்றடி மேலே போன பிறகுதான் லேப்பே தொடங்க வேண்டும் என்று இதற்குப் பொருள். அப்படிச் செய்தால் கம்பி கட்டுபவர் ஸ்டூல் போட்டு நின்று கட்ட வேண்டும். அவ்வளவுதான் சிரமம்.

"காலத்தில் அமுக்கம்தானே சார், இழுவை எங்கே வருது?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். வெறும் எடை மட்டும் என்றால் அமுக்கம். பக்கவாட்டில் தள்ளும்போது காலத்தின் ஒரு முகம் இழுபடும், அடுத்த நொடி எதிர் முகம் இழுபடும். சென்னைக்கு இதெல்லாம் வராது என்று சொல்பவர்களுக்கு ஒன்று. 2002-ல் நிலநடுக்க விதியான ஐ.எஸ். 1893 திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டது. அதற்கு முந்தைய வருடம், 2001 ஜனவரி 26 அன்று கட்ச் பூகம்பத்தில், மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. பல கட்டிடங்களில் தரைத்தளம் கார் நிறுத்தத் திறந்து விடப்பட்டிருந்தது. சுவர் இல்லை, காலம் மட்டும்தான். இன்று நம் ஊரில் எழும் ஃபிளாட்டுகளில் எத்தனைக்குக் கீழே கார் பார்க்கிங் என்று எண்ணிப் பாருங்கள். லேப் அந்தக் காலங்களின் கால்மாட்டில் இருக்கிறது.

பீமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு காலத்துக்கு நடுவே ஓடும் பீமில் கீழ்க்கம்பியை நடுவில் லேப் செய்யக் கூடாது, மேல்கம்பியைக் காலத்தின் அருகே செய்யக் கூடாது. காலமும் பீமும் சேரும் முட்டுக்குள் எதையுமே செய்யக் கூடாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியின் மேல்கம்பியில் லேப் பார்த்தால் வேலையை நிறுத்துங்கள். அந்தக் கம்பி ஒன்றுதான் பால்கனியைப் பிடித்து நிறுத்துகிறது.

என்னை அதிகம் கலங்க வைப்பது, மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் பைல் அஸ்திவாரம். காலமாவது பலகை அடிக்கும்வரை கண்ணுக்குத் தெரிகிறது. பைலில் கம்பிக்கூடு குழிக்குள் இறங்கியபின் எந்த மனிதனும் அதைப் பார்க்கப் போவதில்லை.

ஃபிளாட்டுக்கு 18, 20 மீட்டர் ஆழம் பைல் போடுகிறார்கள் என்று வையுங்கள். கம்பி 12 மீட்டர். ஆகவே கூடு இரண்டு துண்டு. முதல் கூட்டைக் குழிக்குள் இறக்கி, வாயில் குறுக்கே ஒரு குழாயைச் செருகித் தொங்கவிடுவார்கள். இரண்டாவது கூட்டைக் கிரேன் தூக்கிப்பிடிக்கும். லேப் அங்கேதான், அந்தக் குழிவாயில்தான் நடக்கும். இது பெரும்பாலும் இரவு வேலை. கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை ஏறுகிறது. குழிக்குள் பெண்டோனைட் குழம்பு, நேரமானால் பக்கச்சுவர் சரியுமோ என்ற பயம். மேல் கூட்டின் கம்பியும் கீழ்க் கூட்டின் கம்பியும் நேருக்கு நேர் வராது. ஒன்றை நெம்பி வளைப்பார்கள், இரண்டை விட்டுவிடுவார்கள். "அண்ணே, நாலு கம்பி சேர்ந்துடுச்சு, போதும், இறக்குங்க" என்று ஒரு குரல் கேட்கும். கூடு இறங்கிவிடும்.

அந்தக் கணத்தில் கீழ்க் கூட்டின் மொத்த எடையும் லேப்பின் கட்டில் தொங்குகிறது. எட்டு 20 எம்எம் கம்பி, 12 மீட்டர் என்றால் பிரதான கம்பி மட்டுமே கால் டன்னை நெருங்கும், ரிங் தனி. கட்டுக்கம்பி வழுக்கினால் கீழ்க் கூடு சத்தமில்லாமல் குழிக்குள் நழுவும். மூன்றடி என்று நினைத்த லேப் ஓர் அடியாகும், அல்லது இல்லாமலே போகும். மேலே நிற்பவருக்கு மேல் கூட்டின் தலை சரியான மட்டத்தில் தெரியும். ரெஜிஸ்டரில் "சரி" என்று எழுதுவார். இதற்காகத்தான் கூடுகளை இணைக்கும்போது கட்டுக்கம்பியை நம்பாமல் யூ கிளாம்ப் போட்டு முறுக்க வேண்டும் என்று மன்றாட வேண்டியிருக்கிறது. கூடு செய்யும் இடத்திலேயே, தரையில் படுக்க வைத்து, இரண்டு துண்டையும் ஒருமுறை பொருத்திப் பார்த்து, கம்பிக்குக் கம்பி பெயின்ட்டில் அடையாளம் போட்டுவிட்டால் குழிவாயில் தடுமாற்றமே வராது. அரை மணி நேர வேலை.

லேப் நீளமாக இருந்தால் மட்டும் போதாது, கான்கிரீட் போக வழியும் வேண்டும். பைலில் கான்கிரீட் டிரெமி குழாய் வழியாக அடியிலிருந்து எழும்பி, கம்பிகளுக்கு இடையே வெளியேறி, கவரை நிரப்புகிறது. வைப்ரேட்டர் கிடையாது. பிரதான கம்பிகளுக்கு நடுவே 100 மி.மீ. இடைவெளி விடச் சொல்கிறது பைலுக்கான ஐ.எஸ். 2911. எல்லா லேப்பும் ஒரே மட்டத்தில் வந்தால் அந்த இடைவெளி அடைபடும். கான்கிரீட் உள்ளே நிற்கும், வெளியே சேறு நிற்கும். சேற்றில் நிற்கும் கம்பியில் ஏது பிடிப்பு?

கோவில்பட்டி, அருப்புக்கோட்டைக் கரிசலிலும் சென்னையின் களிமண் பகுதிகளிலும் வீட்டுக்கு, அடியைக் குடம்போல் அகலமாக்கிய அண்டர் ரீம்டு பைல் போடுபவர்கள் தங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். ஆழம் குறைவு, ஒரே கம்பியில் முடியும், லேப்பே தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் தீர்க்க வேண்டிய இடமாகப் பைலைத்தான் பார்க்கிறார்கள். மழையில் அந்த மண் ஊதும். ஊதும்போது பைலின் மேல்பகுதியைப் பிடித்து மேலே இழுக்கும், அடியில் உள்ள குடம் அதைக் கீழே பிடிக்கும். இடையில் மாட்டிக்கொள்வது கம்பி. இங்கே அமுக்கம் இல்லை, முழுக்க முழுக்க இழுவை. நேரடி இழுவையில் ஐ.எஸ். 456 கேட்கும் லேப் மேலே சொன்னதைப் போல் இரண்டு மடங்கு. பைலுக்கு முழுக் கம்பிதான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

"பைல் டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு" என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். அந்தத் தாள் லேப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பைல் தலையில் சுத்தியலால் தட்டி எதிரொலியைக் கேட்கும் சோதனை, கான்கிரீட் அறுந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று காட்டும். உள்ளே கம்பி ஓர் அடி சேர்ந்திருக்கிறதா, நான்கு அடி சேர்ந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மேலிருந்து எடை ஏற்றும் சோதனையிலும் அமுக்கத்தைக் கான்கிரீட்டே தாங்கிவிடும். கியூப் டெஸ்ட் கான்கிரீட்டுக்கு மட்டும். லேப்பைச் சோதிக்க இருக்கும் ஒரே நம்பகமான கருவி, கான்கிரீட் போடும் முன் நம் கண்ணும் டேப்பும்தான்.

லேப்பே வேண்டாம், கப்ளர் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் ஹாங்காங்கைப் பார்க்க வேண்டும். ஹங் ஹாம் ரயில் நிலைய விரிவாக்கத்தில் கம்பி முனையில் மரை போட்டு, கப்ளருக்குள் திருகிச் சேர்க்க வேண்டியிருந்தது. சில கம்பிகளின் மரை முனையையே வெட்டிவிட்டு, திருகியதுபோல் தோன்ற வைத்தார்கள் என்று 2018-ல் செய்தி வெடித்தது. அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. ஏற்கெனவே இறுகிப்போன கான்கிரீட்டைத் திறந்து, கப்ளர்களை அளந்து பார்க்க வேண்டியதாயிற்று. ஆணையத்தின் இறுதி அறிக்கை வந்தது 2020-ல். கண்காணிப்புக்கும் ஆவணத்துக்கும் பேர்போன ஊரில், மேற்பார்வையாளர்கள் நிறைந்த திட்டத்தில் நடந்தது இது. நம் தெருமுனை சைட்டில் யார் பார்க்கிறார்கள்? கப்ளர் போட்டால் அதற்கான ஐ.எஸ். 16172 சான்றைக் கேளுங்கள். திருகும் முன் கம்பியில் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று பெயின்ட் கோடு போடச் சொல்லுங்கள். கோடு கப்ளரின் விளிம்புக்கு வரவில்லை என்றால் கம்பியும் உள்ளே போகவில்லை.

வெல்டிங் இன்னொரு பொறி. நீளம் குறைந்துவிட்டால் "ஒரு வெல்டு வச்சுடலாம்" என்பது கைவசம் தயாராக இருக்கும் பதில். டி.எம்.டி. கம்பியின் பலத்தில் பெரும்பங்கு அதன் வெளித்தோலில் இருக்கிறது. சூடான கம்பியைத் தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து உண்டாக்கிய கடினமான வளையம் அது. கேட் வெல்டிங் செய்பவரைக் கூப்பிட்டு, கையில் கிடைத்த ராடால் பொட்டுப்பொட்டாக வைத்தால் அந்த வளையத்தைக் கெடுத்து, கம்பியில் பள்ளமும் போட்டுவிடுவார். வெல்டு செய்யவே கூடாது என்று சொல்லவில்லை. கம்பியின் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டில் கார்பன் அளவைப் பார்த்து, என்ன ராடு, எவ்வளவு நீளம் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால் மட்டும் செய்யலாம்.

அடுத்து, நம் ஊரில் தெருவுக்குத் தெரு தெரியும் ஒன்று. மொட்டைமாடியில் "பின்னாடி மாடி எடுக்கணும்" என்று விட்டுவைத்த காலம் கம்பிகள். பத்து வருடம் மழையில் நனைந்து, துணி காயப்போடும் கொடிக்குக் கம்பமாகி, துருப்பிடித்து, ஓர் அடி ஒன்றரை அடிதான் நிற்கும். மகன் கல்யாணத்துக்கு மாடி எடுக்கும்போது அதன்மேல் புதுக் கம்பியைக் கட்டி காலம் ஏற்றிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, மிஞ்சிய விட்டத்தை அளந்து பார்க்க வேண்டும். நீளம் போதாவிட்டால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டு, காலத்தின் தலையை உடைத்து நீளம் எடுப்பதா, கப்ளர் போடுவதா, துளையிட்டு எபாக்சி வைத்துக் கம்பி ஊன்றுவதா என்று கேளுங்கள். இப்போது வீடு கட்டுகிறவர்கள் அந்தக் கம்பிகளில் பாதியை மாடியின் பாதி உயரத்துக்கு மேலும் மற்ற பாதியை அதைவிட உயரமாகவும் விட்டு, சுற்றி மெலிந்த கான்கிரீட் போட்டு மூடிவையுங்கள். வேண்டும்போது உடைத்துக்கொள்ளலாம்.

டேப்போடு போய்ப் பார்த்து, லேப் குறைவாக இருந்தால்? பலகை அடிக்கும் முன் என்றால் சரிசெய்வது எளிது. குறைந்த லேப்பின் பக்கத்தில் அதே விட்டத்தில் ஒரு தனிக் கம்பியை, கீழ்க் கம்பியோடு ஒரு முழு லேப், மேல் கம்பியோடு ஒரு முழு லேப் வரும்படி வைத்துக் கட்டலாம். 16 எம்எம்முக்கு ஆறு அடித் துண்டு, மூன்று கிலோவுக்கும் குறைவு. ஜல்லி இறங்க இடம் மிஞ்சுகிறதா என்று இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும். ரிங் போதாவிட்டால் இரண்டு துண்டாக வளைத்து இடையில் செருகிக் கட்டலாம். கட்டி முடித்தபின் டேப்பை லேப்பின்மேல் பிடித்து, அளவு தெரியும்படி ஒவ்வொரு காலத்தையும் போட்டோ எடுத்து, காலம் நம்பரோடும் தேதியோடும் இன்ஜினியருக்கு அனுப்பி, அவர் "கான்கிரீட் போடலாம்" என்று எழுத்தில் பதில் தரும்வரை மிக்ஸரை ஓட்டவிடாதீர்கள். ரெடிமிக்ஸ் லாரி வாசலில் நிற்கிறது, இரண்டு மணி நேரத்தில் இறுகிவிடும் என்று நெருக்குவார்கள். லாரியை வரச்சொல்லும் முன்பே இந்தப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.